சட்டிப்பாறையில் தோல் காய்ந்த கதை

ஒரு காட்டில் கம்பளியப்பன் என்று ஒரு கரடி இருந்தார். கரடியைப் போய் 'இருந்தார்' என்கிறானே என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஏழு பொத்தான் வைத்த சிவப்பு வெல்வெட் கோட்டு போட்டு, வயிற்றில் பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு, எட்டுக் கரடிகளுக்கு முன்னால் நடக்கிறவரை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் காட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை அணிவகுப்பு மேளப் போட்டி நடக்கும். ஜெயிக்கிற அணிக்கு மருதமரத்தடி மடு ஒரு வருஷத்துக்குச் சொந்தம். நிழலும் தண்ணீரும் ஒரே இடத்தில்! இரண்டாம் பரிசு, ஒரு பாராட்டுப் பத்திரம். மூன்று வருஷமாக மடு யானைகளுக்கே போனது, பத்திரம் கம்பளியப்பனுக்கே வந்தது. அவர் அந்த மூன்று பத்திரத்தையும் சேர்த்து விசிறியாகக் கட்டி வீசிக்கொண்டு கிடந்தார். அவர் பெண்டாட்டி சடையம்மாவுக்குக் கழுத்தெல்லாம் வேனல்கட்டி. அணியில் ஜால்ரா போடுகிறவள் அவள்தான். கையைத் தூக்கினாலே வலி, பாவம்.

"ஏங்க, இந்த வருஷமாவது அந்த மடுவுல ஒரு முழுக்குப் போட்டுருவோமா?" என்று கேட்பாள்.

"போட்டுருவோம்டி" என்பார் அவர். சொல்லிவிட்டு விசிறியை இன்னும் வேகமாக வீசுவார்.

போன ஐப்பசியில் நடந்த போட்டியில் அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும். பாழாய்ப்போன மழை வந்து கெடுத்தது. நாணல் திட்டில் ஆட்டம். மேளத்தோல் நனைந்து தொங்கிப்போய், 'டம்' என்று அடித்தால் 'சொத்' என்றது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கம்பளியப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே போட்டிக் கமிட்டிக்கு ஒரு மனு எழுதி, கைரேகையும் வைத்தார்: "இனிமேல் தோல் நன்றாகக் காய்கிற இடத்தில், தோல் நன்றாகக் காய்கிற மாதத்தில்தான் போட்டி வைக்க வேண்டும்."

நன்றாகக் கவனியுங்கள். எந்தத் தோல் என்று மனுஷன் எழுதவில்லை. மன்னிக்கவும், கரடி எழுதவில்லை.

பங்குனியில் அறிவிப்பு வந்தது. போட்டி சித்திரை மாதம், கத்திரி வெயிலில், உச்சிப்பொழுதில். இடம் சட்டிப்பாறை. சட்டிப்பாறை என்றால் சும்மா பேர் இல்லை. அங்கே முட்டையிட்ட காட்டுக்கோழி அடுத்த நிமிஷம் ஆம்லெட்டுக்குத் தாயானது என்று ஊரில் பேச்சு. சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம் கிடையாது.

கம்பளியப்பன் இன்னொரு மனுவைத் தூக்கிக்கொண்டு கமிட்டிக்கு ஓடினார். கமிட்டித் தலைவர் முதலை மூக்கையா. உறுப்பினர்கள் இரண்டு உடும்புகள். மூன்று பேரும் மணலில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தார்கள். பக்கத்தில் குடை பிடித்தபடி செயலாளர் நரி தந்திரமூர்த்தி.

"நல்ல நேரத்துல, பூசை வேளையில கரடி மாதிரி வந்துட்டீங்களே" என்றது நரி.

"ஐயா, சட்டிப்பாறை சுடுதுங்க. எங்களுக்கு உடம்பெல்லாம் மயிரு, அதுக்கு மேல வெல்வெட் கோட்டு. ஒரு பொத்தானைக் கழட்டினா அரை மார்க்கு வெட்டுறீங்க. செத்துருவோம்யா!"

முதலை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "சுடுதா? எனக்கு ஒண்ணும் சுடலையே."

உடும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "எங்களுக்கும் சுடலைங்க. கொஞ்சம் குளிர்தான்."

"இடத்தை நேர்ல போய்ப் பார்த்தீங்களாய்யா?"

"பார்க்காம இருப்பமா? மார்கழி மாசம், விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போனோம்" என்றது நரி. "தலைவருக்குக் கம்பளி போத்த வேண்டியதாப் போச்சு. அது மட்டுமில்ல, இந்தப் படிவத்தைப் பாருங்க. 'தோல் காய வசதி உண்டா?' பத்துக்குப் பத்து வாங்கின ஒரே இடம் இதுதான். இந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது யாரு தெரியுமா?"

நரி பழைய மனுவை எடுத்து நீட்டியது. கீழே சேறு படிந்த கைரேகை. கம்பளியப்பன் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"நான் மேளத்தோலைச் சொன்னேன்யா!"

"அப்படி எழுதலையே. ரெண்டு தோலும் காயட்டும், விடுங்க."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற பழக்கம் யானைக்குத்தான் என்பார்கள். வீடு திரும்பிய கம்பளியப்பனைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். சடையம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்குச் சனி நாக்குலதான்னு நினைச்சேன், கட்டை விரல்லயும் இருக்கு" என்றாள்.

போட்டி நாள் வந்தது. பாறை கொதித்தது. முதலில் யானைகள் இறங்கின. மேளத்தோல் காய்ந்தது, மேலும் காய்ந்தது, அப்பளம் போல் விறைத்தது. தலைவர் யானை ஓங்கி ஒரு அடி அடித்தார், பாருங்கள்: டப்! தோல் கிழிந்து தும்பிக்கை மேளத்துக்குள் போய்விட்டது. அதை இழுத்து வெளியே எடுக்கவே அவர்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. அடுத்து காட்டுப்பன்றிகள். நாலு அடி வைத்ததுமே, "ஐயோ காலு, ஐயோ காலு!" என்று குதித்துக்கொண்டே நீர் தேடி ஓடிவிட்டன. குதித்ததில் தாளம் தப்பவில்லை என்பதால் பாதி மார்க்கு கிடைத்தது.

கடைசியில் கம்பளியப்பன் அணி. ஏழு பொத்தானும் பூட்டியிருந்தது. அவர் மடுவை நினைத்துக்கொண்டார், கண்ணை இறுக்க மூடினார், அடித்தார். டம், டம், டம். நாலாவது அடி விழும் முன்பே பின்னால் எங்கேயோ 'தொம்' என்று ஒரு சத்தம். கடைசி வரிசைக் கரடி சாய்ந்த சத்தம் அது. இவருக்குத் தெரியுமா? டம், டம், டம், தொம். இன்னொன்று சாய்ந்தது.

'அட, யாரோ புதுசா ஒரு அடி சேர்த்திருக்கானே. நல்லாத்தான் இருக்கு' என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அந்தத் தொம்முக்கு ஏற்ற மாதிரி கையை இன்னும் கொஞ்சம் வேகப்படுத்தினார். அவர் வேகப்படுத்த, அவர்களும் வேகமாக விழுந்தார்கள். கடைசித் தொம் சடையம்மா. அவள் விழும்போது ஜால்ரா 'ஜிங்' என்றது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கியபடியே கம்பளியப்பனும் சரிந்தார். வேடிக்கை பார்த்த மான், முயல், குரங்கு எல்லாம் அதற்கு முன்பே சுருண்டு கிடந்தன.

சுடுகல்லில் சொகுசாகப் படுத்திருந்த இரண்டு நடுவர் உடும்புகளும் எழுந்து நின்று வாலைத் தட்டின. இப்படி ஒழுங்காக, வரிசையாக, தாளத்தோடு விழுகிற அணியை அவை கண்டதே இல்லையாம்.

கம்பளியப்பன் கண் விழித்தபோது சடையம்மா கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நரி, கையில் ஒரு படிவம்.

"அறிக்கை தயார். 'அணியினர் மயங்கினர். கூட்டம் முழுவதும் மயங்கியது.' கையெழுத்துப் போடுங்க."

"வெயில்ல மயங்கினோம்னு எழுதுங்கய்யா! உசுரு போய்த் திரும்பியிருக்கு!"

நரி குரலைத் தாழ்த்தியது. "இதோ பாருங்க. வெயில்ல மயங்கினா அது விபத்து. விபத்துன்னா போட்டி ரத்து. ரத்துன்னா மடு பழையபடி யானைக்கு. இசையில மயங்கினா அது வெற்றி. வெயிலா, இசையா? ஒரே ஒரு வார்த்தைதான். நீங்களே நிரப்பிக்குங்க."

கம்பளியப்பன் பாறையைப் பார்த்தார். கொப்புளம் போட்ட தன் எட்டுப் பேரின் பாதங்களைப் பார்த்தார். பெண்டாட்டியின் கழுத்தைப் பார்த்தார். பிறகு 'இசையில்' என்று எழுதி, இந்தத் தடவை கைரேகை வைக்காமல் கையெழுத்தாகவே போட்டார்.

மடு கிடைத்தது. ஜெயித்த அணித்தலைவர் கமிட்டியில் உறுப்பினராவது அந்தக் காட்டு வழக்கம், அதுவும் கிடைத்தது. கூட்டம் மொத்தத்தையும் மயக்கிய ஒரே இடம் என்பதால் சட்டிப்பாறையே நிரந்தரப் போட்டி இடம் என்று அந்த அறிக்கையை வைத்தே தீர்மானமும் போட்டார்கள்.

அடுத்த பங்குனியில் காட்டுப்பன்றித் தலைவர் மூச்சிரைக்க ஒரு மனுவோடு மடுக்கரைக்கு வந்தார். கம்பளியப்பன் கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்தார். தலைக்கு மேல் மருதமரம்.

"ஐயா, சட்டிப்பாறை சுடுதுங்கய்யா. போன வருஷம் சுட்ட காலு இன்னும் ஆறல. வேற இடம் பாருங்கய்யா."

கம்பளியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சுடுதா? எனக்கு ஒண்ணும் சுடலையே."

தண்ணீருக்குள்ளிருந்து சடையம்மா தலையைத் தூக்கினாள். கழுத்தில் கட்டி ஒன்றுகூட இல்லை. "ஏங்க, போன வருஷம் நீங்க கொண்டுபோனதும் இதே மனுதானே?"

"அது போன வருஷம்டி" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு முழுக்குப் போட்டார்.

நீதி: நிழலின் அருமை வெயிலில் தெரியும். வெயிலின் அருமை, நிழல் கிடைத்த பிறகு தெரியும்.