இரண்டு பைத்தானும் ஒரு நாற்காலியும்

எதையும் தூக்கி எறியத் தெரியாத மனிதர் என்று ஓசூரில் ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். எங்கள் ஆபீஸில் அவருக்குப் பெயரே ‘இருக்கட்டும்’ சார்.

மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆபீஸ். ஃபேக்டரி மிஷின்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொகுத்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அதில் பைத்தான் என்று ஒரு மென்பொருள் உண்டு. பாதி புரோகிராம்கள் அதை நம்பித்தான் ஓடும். புது பைத்தான் வந்தால் பழையதை எடுத்துவிடுவதுதான் ஊர் வழக்கம். இவர் எடுக்க விடமாட்டார். ஒவ்வொன்றுக்கும் நம்பரோடு தனிப் பெயர், தனி ஃபோல்டர் கொடுத்துப் பக்கத்திலேயே குடிவைப்பார். இப்படி மூன்று சேர்ந்துவிட்டன. பாதுகாப்பில் ஓர் ஓட்டை என்றால் நான் மூன்றிலும் உட்கார்ந்து அடைக்க வேண்டும். என் இடுப்பு போனது அதில்தான்.

ஆளும் அப்படித்தான். புதுச் செருப்பு காலில் வரும், பழசு பையில் வரும். கன்னடத்தில் டீ சொல்லி, தெலுங்கில் போன் பேசி, தமிழில் என்னைத் திட்டுவார். மூன்றும் ஒருநாளும் முட்டிக்கொண்டதில்லை.

“பழசை யாரு சார் யூஸ் பண்றாங்க?”

“எவனாச்சும் ஒருத்தன் பண்ணுவான். இருக்கட்டும் விடுப்பா.”

அவர் லீவில் போன சமயம், மேனேஜர் சொல்லிப் பழசையெல்லாம் எடுத்தோம். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். கை ஈரம் காயவில்லை, ஒரு போல்ட் ஃபேக்டரியிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

“சார், போல்ட்டு செக் பண்ற மிஷின் நின்னுப்போச்சு. லாரி வேற வந்து நிக்குது. இன்னிக்கு சரக்கு போகலன்னா என் வேலை போயிடும் சார்.”

அந்த மிஷினின் புரோகிராம் பழைய பைத்தானில்தான் ஓடும். எழுதியவர் எங்கே போனாரோ, யாருக்கும் தெரியாது. மேனேஜர் பதறிப்போய், பழையதைப் புதியதின் இடத்திலேயே ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். புதியது அழிந்து, அதை நம்பி ஓடிய லேபிள் ஒட்டும் மிஷினும் நின்றது.

போன் போட்டதும் இருக்கட்டும் சார் டவுன் பஸ்ஸில் நேரே ஃபேக்டரிக்கு வந்து இறங்கினார். இரண்டையும் தனித்தனி ஃபோல்டரில் ஏற்றினார். இரண்டு மிஷினும் ஓடின, லாரியும் கிளம்பியது.

“ஒண்ணு வந்தா இன்னொண்ணு எதுக்குப்பா போகணும்?” என்றார். சூப்பர்வைசர் அவருக்கு டீ வாங்கப் போனார்.

இப்போது இருக்கட்டும் சார் பெங்களூரில் வேறு கம்பெனி. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் இங்கே வந்து உட்காருகிறார். பழைய வேலையைக்கூட முழுசாகத் தூக்கி எறிய மனசில்லை போல. பழசும் திரும்பி வந்துவிட்டதால் மூன்று பைத்தானையும் நான்தான் கட்டி மாரடிக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிப் புலம்பவாவது நானும் சனிக்கிழமை வரவேண்டியிருக்கிறது.

போன வாரம் அவர் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். மேனேஜர் இருக்கட்டும் சாருடைய நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் ஸ்டோர் ரூமிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டேன்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு எதுக்குப்பா?” என்றார் மேனேஜர்.

“சனிக்கிழமை வருவாரு சார். அது இருக்கட்டும்.”