பதினாறாவது தசம இடம்

தண்ணீரை அளந்தவர்கள் உலகில் ஏராளம். ஆனால் தசமப் புள்ளிக்குப் பின் பதினாறு இடம் வரை அளந்துவிட்டு, அதன் பிறகும் ஒரு சொட்டுகூடத் திறந்துவிடாத பெருமை தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் ‘பாசனத் துல்லியக் கணிப்பு மைய’த்துக்கு மட்டுமே உண்டு. அங்கே கூட்டக் குறிப்பு எழுதும் உதவியாளன் நான். தொலைபேசியை எடுப்பதும் நானே. ஆகவே அந்த ஆறு நாள் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர் கிடையாது.

ஆறு நாள் என்பது முறைத் தண்ணீர்க் கணக்கு. ஆற்றில் வரத்து குறைந்த வருஷங்களில் ஒரு வாய்க்காலுக்கு ஆறு நாள், பிறகு அடுத்த வாய்க்காலுக்கு ஆறு நாள் என்று முறை வைத்து விடுவார்கள். மழை இறங்காத அந்தப் புரட்டாசியில், முத்துப்பேட்டைக்கு வடக்கே தென்பாதிக் கோட்டகம் என்ற கடைமடை ஊருக்குக் கிடைத்தது அந்த ஆறு நாள்தான். அதை விட்டால் பத்தொன்பது நாள் கழித்துத்தான் அடுத்த முறை.

முன்பெல்லாம் அங்கே கடைசி ஷட்டரில் லஸ்கர் இராஜாங்கம் நிற்பார். சுவரில் பெயிண்டால் போட்ட ஒரு மீட்டர் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் திறந்துவிடுவார். கண்ணால் பார்த்துத் திறப்பது எவ்வளவு அபாயகரமானது என்பதை எங்கள் இயக்குநர் முனைவர் சந்தானகிருஷ்ணன்தான் கண்டுபிடித்தார். இப்போது வாய்க்காலில் ஒரு கருவி இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் ஏறும்போதெல்லாம் அது எங்களுக்குத் தகவல் அனுப்பும். எங்கள் கணினி ஒவ்வொரு தகவலுக்கும் 0.1 கூட்டும். கூட்டுத்தொகை சரியாக 1 ஆனால் ‘திற’ என்று லஸ்கரின் செல்லுக்குச் செய்தி போகும். ஒன்றைத் தாண்டினால் வெள்ள எச்சரிக்கை போகும். செய்தி வராமல் ஷட்டரில் கை வைத்தால் மெமோ போகும்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு இராஜாங்கம் கூப்பிட்டார்.

“தண்ணி கோட்டைத் தொட்டு ஒரு மணி நேரமாவுதுங்க. மெசேஜ் வரலை.”

திரையைப் பார்த்தேன். பத்துத் தகவலும் வந்திருந்தன. கூட்டுத்தொகை 0.9999999999999999 என்று இருந்தது.

“இன்னும் ஒண்ணு ஆகலைங்க” என்றேன்.

“எவ்வளவு குறையுது?”

“கொஞ்சம்.”

“கோட்டு மேல கையை வச்சுக்கிட்டுத்தான் பேசறேன். கை நனையுதுங்க.”

கை நனைவது அங்கீகரிக்கப்பட்ட அளவீட்டு முறை அல்ல என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன்.

‘அவசரக் கூட்டம்’ மாலை நாலரை மணிக்குக் கூடியது. நிரலாளர் சுடர்விழி எழுந்து, இதில் மர்மம் ஒன்றுமில்லை என்று சொல்லி எல்லோரையும் ஏமாற்றமடையச் செய்தார்.

“ஒண்ணை மூணாப் பங்கு வச்சு தசமத்துல எழுதுங்க சார். 0.333னு போய்க்கிட்டே இருக்கும். எங்கயோ நிறுத்தித்தான் ஆகணும். நிறுத்துனதை மூணு தடவை கூட்டுனா 0.999தான் வரும், ஒண்ணு வராது. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாப் பிரிச்சு வச்சுக்கறதால அதுக்கு 0.1லயே அந்தச் சிக்கல் இருக்கு. பத்து தடவை கூட்டுனா நூல் பிசகும். ஒரே ஒரு வரியை மாத்துனாப் போதும். ‘ஒண்ணுக்குச் சமமா’ன்னு கேக்காம, ‘ஒண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் பக்கத்துல இருக்கா’ன்னு கேக்கணும். அஞ்சு நிமிஷ வேலை.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதாவது, கிட்டத்தட்டன்னு சொல்றீங்க.”

“ஆமா சார்.”

“நம்ம மையத்தோட பேர்ல என்ன வார்த்தை இருக்கும்மா?”

“துல்லியம் சார்.”

“உட்காருங்க.”

பிழை எண்ணில் இல்லை, மொழியில்தான் இருக்கிறது என்று இயக்குநர் தீர்ப்பளித்தார். நிரல் பைத்தானில் எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவர் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர் ராம்கி. பைத்தான் கல்லூரிப் பிள்ளைகள் விளையாடும் மொழி, விஞ்ஞானத்துக்கு ஃபோர்ட்ரான்தான் என்றார் இயக்குநர். அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஃபோர்ட்ரான் படித்தவர். அதன் பிறகு வேறு எதையும் படித்துத் தன் அறிவைக் கலப்படம் செய்துகொள்ளாதவர்.

இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அவரே எழுதினார். அந்த இரண்டு நாளும் இராஜாங்கம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கூப்பிட்டார். ‘தகவல் பெறப்பட்டது’ என்று நானும் தவறாமல் பதிவு செய்தேன். மூன்றாம் நாள் பிற்பகலில் ஃபோர்ட்ரான் பேசியது. 1.0000001 என்றது.

பைத்தானில் குறைந்த தண்ணீர் ஃபோர்ட்ரானில் கூடிவிட்டதைக் கண்டு இயக்குநர் பூரித்தார். அவர் பூரிப்பு அடங்குவதற்குள் நிரல் தன் கடமையைச் செய்து முடித்திருந்தது. ஒன்றைத் தாண்டிவிட்டதல்லவா? வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பில் வரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி உத்தரவு போனது. தென்பாதிக் கோட்டகத்தில் எல்லாருடைய செல்லுக்கும் ‘வெள்ள அபாயம், கால்நடைகளை மேட்டுக்குக் கொண்டு செல்லவும்’ என்று செய்தி போனது.

“இது சிங்கிள் பிரிசிஷன் சார்” என்றார் சுடர்விழி. “இதுல ஏழு இலக்கத்துக்கு மேல நிக்காது. அதனாலதான் இந்தப் பக்கம் பிசகுது. வெள்ளமும் இல்லை ஒண்ணும் இல்லை. ஃபோர்ட்ரான்ல நல்லா எழுதலாம் சார், ஆனா அதுலயும் ‘கிட்டத்தட்ட’ன்னுதான் கேக்கணும்.”

அந்த வார்த்தையைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. நீக்கினேன்.

நான்காம் நாள் ராம்கி தன் மானத்தைக் காக்க முழு நிரலையும் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினார். 0.9999999999999999 வந்தது. ஜூலியா என்ற மொழியிலும் எழுதினார். பைத்தான் சொன்ன அதே விடை வந்தது. வெவ்வேறு ஊரில் பிறந்த மூன்று மொழிகள் பதினாறு இலக்கம் வரை ஒத்துப்போனால் அதை மறுக்க யாரால் முடியும்? வாய்க்காலில் ஒரு மீட்டர் தண்ணீர் இல்லை என்பது ‘மொழி கடந்த உண்மை’ என்று தீர்மானம் நிறைவேறியது. இயக்குநரே பெருந்தன்மையோடு அதை வழிமொழிந்தார்.

“மூணும் எண்ணை ஒரே மாதிரிதான் சார் வச்சுக்கும்” என்றார் சுடர்விழி. “ஒரே ஆளை மூணு சட்டையில கூட்டிட்டு வந்து மூணு சாட்சின்னு சொல்றோம்.”

அவருக்கு வருகைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு தரப்பட்டது.

ஐந்தாம் நாள் நீலாம்பாள் வந்தார். தென்பாதிக் கோட்டகத்துக்காரர். மாமனார் காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நட்ட குடும்பம். சொந்தமாக மூன்று ஏக்கர் வாங்கி அதில் அவர் போடும் இரண்டாவது சம்பா இது. இரண்டு பஸ் மாறி வந்து வாசலிலேயே நின்றவரை, உள்ளே வரச் சொன்னேன்.

“நட்டு எட்டு நாள் ஆச்சுங்க. பச்சை பிடிக்கணும்னா இப்பத் தண்ணி நிக்கணும். வயல் வெடிச்சுக் கிடக்கு. தண்ணி ஷட்டருக்கு அந்தாண்ட நிக்கிது, பயிரு இந்தாண்ட நிக்கிது.”

“கணிப்பு முடியட்டும்மா.”

“வெள்ளம் வருதுன்னு போன்ல போட்டிருந்தீங்க.” செல்லைக் காட்டினார். “வரட்டும்னு ராத்திரி வரைக்கும் வரப்புலயே உக்காந்திருந்தேன்.”

நான் ‘மனுதாரர் நேரில் வந்து சென்றார்’ என்று எழுதிக்கொண்டேன். அவர் போன அரை மணியில் இராஜாங்கம் கூப்பிட்டார்.

“சார், தலைப்புல குறைச்சும் இன்னும் கோட்டுலதான் நிக்கிது. நாளைக்கு முறை முடியுது. எழுத்துல ஒண்ணும் வேணாங்க. ‘திற’ன்னு நீங்க வாயால சொல்லிட்டா, மெமோ வந்தா அலுவலகத்துல சொன்னாங்கன்னு சொல்லிப்பேன்.”

சுடர்விழி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் ஒரு நடுநிலையான பதிலைத் தேர்ந்தெடுத்தேன்.

“மேலிடத்துக்குத் தெரியப்படுத்தறேங்க.”

ஆறாம் நாள் முறை முடிந்தது. தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்பியது. மொழித் தேர்வுக்கு நிரந்தரத் துணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மூன்று மொழிகள் ஒத்துப்போனதைப் பற்றி இயக்குநர் வாசித்த கட்டுரைக்கு ஒரு கருத்தரங்கில் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஒரு மாதம் கழித்து, ‘பயனாளர் கருத்தறியும் படிவ’த்தோடு என்னைத் தென்பாதிக் கோட்டகத்துக்கு அனுப்பினார்கள். நீலாம்பாளின் வயலில் பயிர் நட்ட வரிசை அப்படியே இருந்தது. வைக்கோல் நிறத்தில் இருந்தது. இரண்டு ஆடுகள் அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தன. எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது, ஆனாலும் படிவத்தை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை.

“உங்க மெஷினு எவ்வளவு தப்பாச் சொல்லிச்சுங்க?”

இதற்கு மட்டும் என்னிடம் துல்லியமான விடை இருந்தது. “ஒரு மீட்டரைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்கு போட்டா, அதுல ஒரு பங்கும்மா.”

“கண்ணுக்குத் தெரியுமா அது?”

“எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாதுங்க.”

“அந்தத் துளிதானா இத்தனையும் பண்ணிச்சு?” என்று வயலைக் காட்டினார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கணினியின் பங்கு அந்தத் துளிதான். அதை அந்த மூன்று ஏக்கரிலிருந்து எந்த மொழியில் கழித்தாலும் மிச்சம் மூன்று ஏக்கர்தான் வரும். அது முழுவதும் நாங்கள் செய்தது. இராஜாங்கம் கேட்டபோது போன் என் கையில் இருந்தது.