களத்தில் காய்ந்த நாவல்

அந்தக் குழந்தை கிடைத்ததா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நான் பி.காம். படித்தவள். கையில் முழு நாவலையும் வைத்துக்கொண்டு முடிவு தெரியாமல் தவிக்கிறவள் இந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் மகள் மித்ராவை ஏற்காட்டில் எல்.கே.ஜி. சேர்த்திருந்த சமயம். அந்தப் பள்ளியில் அம்மாக்களுக்கு ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாதம் ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். என் முறை வந்தபோது தலைமை ஆசிரியை தம் கல்லூரிக் காலத்து நாவல் ஒன்றைக் கொடுத்தார்.

"கொஞ்சம் சோதனை முயற்சிங்க. வேற பிரதி எங்கேயும் கெடைக்காது. நீங்க படிச்சுருவீங்க."

சரியாகப் பேசாவிட்டால், 'அம்மாவுக்கே இவ்வளவுதான், பிள்ளைக்கு என்ன வரும்' என்று மித்ராவைப் பற்றி முடிவுகட்டி விடுவார்களே என்று பயந்தேன். (யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் பயப்பட யாரும் சொல்ல வேண்டியதில்லை.)

நாவலில் முற்றுப்புள்ளி இல்லை. அத்தியாயம் இல்லை. பக்க எண்கூட இல்லை. ஒரு தாய் பஸ் ஸ்டாண்டில் குழந்தையைத் தேடுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. திடீரென்று ஒரு பஸ் தன் கதையைச் சொல்லத் தொடங்கும். அப்புறம் ஒரு பக்கம் முழுக்க 'டிக்கெட் டிக்கெட்' என்றே இருக்கும். புரியாதபோதெல்லாம் எனக்கு இரும்புச்சத்து குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரீச்சம்பழம் தின்றுவிட்டுத் திரும்பப் படித்தேன்.

பாதி வந்திருப்பேன். மித்ரா புத்தகத்தைக் குளிப்பாட்டி விட்டாள். வாளியில் முக்கி, சோப்பும் போட்டு. பழைய பசை விட்டுப்போய், வெளியே எடுத்ததும் தாள் தாளாகக் கழன்றது.

"அழுவாத புள்ள. களத்துல காயப்போட்டாப் போச்சு," என்றார் என் கணவர். கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர்; கணக்கு எழுதுகிற வேலை. ஈரமான எதற்கும் களம்தான் மருந்து என்பது அவர் கொள்கை.

நல்ல வெயில். காப்பிக்கொட்டை காய்ந்த களத்தின் ஓரத்தில் தாள்களை வரிசை மாறாமல் அப்பளம்போலப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் கல் வைத்தேன். மித்ராவுக்குச் சோறூட்ட வீட்டுக்குள் போனேன். தூறல் விழுந்தது.

காப்பிக் களத்தில் தூறல் விழுந்தால் ஒரே சட்டம்தான்: கிடப்பதையெல்லாம் குவி, தார்ப்பாய் போடு. யோசனை அப்புறம். நான் ஓடி வருவதற்குள் களத்துப் பெண்கள் கொட்டையோடு நாவலையும் சேர்த்துக் குவித்து மூடிவிட்டார்கள்.

"ராணியக்கா! என் புஸ்தகம்!"

"ஒரு தாளுகூட நனையலீங்க ரைட்டரம்மா. எல்லாம் உள்ளார பத்தரமா இருக்குதுங்க," என்றார் ராணியக்கா பெருமையாக.

"வரிசை போச்சேக்கா!"

"நெம்பரு பாத்து அடுக்கிக்கலாமுங்க."

"நெம்பரே இல்லக்கா!"

"நெம்பரு போடாமயா புஸ்தகம் அடிச்சாங்க? அப்படி என்னதானுங்க கதை?"

சொன்னேன். பிள்ளை தொலைந்தது என்றதும் எல்லோரும் தூறலிலேயே சுற்றி நின்றுவிட்டார்கள். "அப்பறம்? புள்ள கெடச்சுதுங்களா?"

தேடினேன். ஒரு தாளில் தாயின் கைக்குள் குழந்தையின் கை இருந்தது. இன்னொன்றில் அவள் கையில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு மட்டும். இரண்டுமே நான் படித்திராத பாதி. கை கடைசியில் வந்தால் குழந்தை கிடைத்தது. செருப்பு கடைசியில் வந்தால் கிடைக்கவில்லை. எது கடைசி?

வாசகர் வட்டத்தன்று 'படிமம்', 'உள்மன ஓட்டம்' என்று சில வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எழுந்து நின்றதும் வாயில் வந்தது வேறு.

"மேடம், புத்தகத்த நனைச்சுட்டேனுங்க. காப்பியோட குவிச்சுட்டாங்க. வரிசையெல்லாம் போச்சுங்க. அந்தக் கொழந்த கெடச்சுதுங்களா, இல்லீங்களா?"

தாள்கட்டிலிருந்து ஒரு காப்பிக்கொட்டை மேசையில் உருண்டது.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "கெடச்சுது," என்றார். பிறகு கூரையைப் பார்த்தார். "கெடச்சுதுன்னுதான்... இல்லையோ? படிச்சுட்டு அழுதது ஞாபகம் இருக்கு. எதுக்கு அழுதேன்னு தெரியலியே!"

நாவலைக் கண்ணால்கூடப் பார்த்திராத அம்மாக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, பள்ளி மணி அடிக்கும்வரை சண்டை போட்டார்கள். கடைசியில், "நீங்களே வரிசைப்படுத்தி பைண்டிங் போட்டுக் குடுத்துருங்க," என்று பொறுப்பை என் தலையில் கட்டினார் தலைமை ஆசிரியை.

மித்ரா இப்போது இரண்டாம் வகுப்பு. தாள்கள் இன்னும் பிஸ்கட் டப்பாவில்தான். தலைமை ஆசிரியையைப் பார்த்தால், "அவசரமில்லைங்க," என்கிறார். அவருக்கும் பயம்போல. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பதைக் கண்டால் ராணியக்கா பஸ் ஜன்னலிலிருந்தே, "ரைட்டரம்மா, புள்ள கெடச்சுதுங்களா?" என்று கத்துவார். பஸ்ஸே என்னைப் பரிதாபமாகப் பார்க்கும். வீட்டில் சீப்பைக் காணோம் என்றால்கூட, "கடைசித் தாளுல இருக்கும், பாரு," என்கிறார் கணவர். ஸ்பைரல் போட்டுவிட்டால் சுற்றிச் சுற்றிப் படித்துக்கொள்ளலாம், கடைசியே வராது என்பது அவர் யோசனை.

கை இருக்கும் தாளைக் கடைசியில் வைத்தால் ஏமாற்றுவதுபோல் இருக்கிறது. செருப்பை வைத்தாலோ, உடனே எழுந்துபோய் மித்ரா எங்கே என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எந்தத் தாளைக் கடைசியில் வைக்கட்டும்? (செருப்புதான் என்றால், இன்னொரு முறை யோசித்துவிட்டு எழுதுங்கள்.)