நர்சம்மா மிட்டாய்

புதிதாக ஒரு நல்ல பழக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தாங்களும் சாப்பிட மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முதலுதவி நர்சாகச் சேர்ந்தபோது நான் அப்படித்தான் இருந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன் ஒரு பெட்டி நிறைய புரோட்டீன் பார் கொடுத்திருந்தான். சாக்லேட் பூசி, வெள்ளிப் பேப்பர் சுற்றிய கட்டி. பெட்டிமேல் கட்டுமஸ்தான ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது போதும். வீட்டுச் சோற்றை நிறுத்திவிட்டேன். மதியம் பெண்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது, கோட்டுப் பையிலிருந்து பாரை எடுத்துக் காட்டி, "அம்புட்டுச் சத்தும் இதுல இருக்கு. நீங்க சோத்தைக் கட்டிக்கிட்டு அழுறீக" என்பேன். (அழுதது என் வயிறு.)

திரி செருகும் செல்வியக்கா மட்டும், "பாத்தா மிட்டாய் மாதிரில்ல இருக்கு நர்சம்மா" என்பார். "மிட்டாய் இல்லக்கா, உணவு" என்று திருத்துவேன்.

கம்பெனி வாசலில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நர்சம்மா என்ற மரியாதையில் என்னை மட்டும் சோதிப்பதில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்பா ஓய்வு பெற்றிருந்தார். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

சித்திரை வெயில். அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து மதியம் பையில் கைவிட்டால் பார் இல்லை. பஸ்ஸில் விழுந்திருக்கும் என்று நினைத்தபோதே போர்மேன் தங்கராஜ் அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"எல்லாரும் வேலிக்கு அங்கிட்டுப் போங்க. வெடிமருந்து ரூம் வாசல்ல என்னமோ கெடக்கு. வெள்ளிப் பேப்பர் சுத்தியிருக்கு, நம்ம சரக்கு இல்ல. கசியுது."

கசிந்த மருந்து சூடேறினால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். வேலிக்கு வெளியே பொட்டலில் போய் நின்றோம். பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "தயாரா இருங்கம்மா" என்றார். தீக்காய மருந்துப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். படித்த படிப்பு மொத்தமும் மறந்துபோய், 'ஆண்டவரே, ஆண்டவரே' மட்டும்தான் வந்தது. அதற்குமுன் நான் அப்படிப் பயந்ததில்லை.

அண்ணாச்சி மட்டும் மணல் வாளியோடு உள்ளே போனார். ஒவ்வொரு அடியாக வைத்தார். கிட்டே போனவர் சட்டென்று நின்றார். பிறகு மெல்லக் குனிந்தார். அவ்வளவுதான், இனி வெடிக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. கண் இருட்டியது.

விழித்தபோது என் தலை செல்வியக்கா மடியில் இருந்தது. வாய்க்குள் கருப்பட்டித் தண்ணீர். முதலாளிக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியின் கையில், வெயிலில் உருகி ஓரம் பிய்ந்த என் மதியச் சாப்பாடு.

"எறும்பு சாரை சாரையா மொய்க்குது முதலாளி. வெடிமருந்துக்கு எறும்பு வருமா?"

"யாரோடதுய்யா இது?"

தினமும் என் பிரசங்கத்தைக் கேட்ட அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வேலை போயிற்று என்று நினைத்தபடி எழுந்து உட்கார்ந்தேன். முதலாளி என்னையும் எறும்புகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளையில இருந்து சோறு கொண்டு வாங்கம்மா" என்றார்.

நாளையிலிருந்து. வேலை இருக்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன்.

புரோட்டீன் பார் உடம்புக்கு நல்லதா என்று இப்போது நோயாளிகள் கேட்டால், "பேப்பருக்குப் பின்னால சீனி எம்புட்டு இருக்குன்னு படிச்சுப் பாருங்க. அவசரத்துக்கு ஒண்ணு சரி, சோத்துக்குப் பதிலா வேண்டாம்" என்பேன். எறும்புக் கதையைச் சொல்வதில்லை. அதை மருந்துக் கவுன்டரில் இருக்கும் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

அந்த வேலையை விட்டுப் பல வருடம் கழித்து, தம்பி கல்யாணப் பத்திரிகை கொடுக்க அங்கே போனேன். வாசலில் புதுப் பெண் ஒருத்தி என் பையைத் துழாவினாள்.

"தீப்பெட்டி, செல்போன், நர்சம்மா மிட்டாய் ஏதும் வச்சிருக்கீகளாக்கா?"

"இல்லம்மா. யாரு அந்த நர்சம்மா?"

"எனக்குத் தெரியாதுக்கா. யாருக்காச்சும் அடிபட்டா வைத்தியம் பாக்க வச்சிருந்தாகளாம். மொதல்ல விழுந்ததே அவுகதானாம்."