நெற்றிக் கறுப்பும் ஹாஜியாரும்

ஞாயிற்றுக்கிழமை கல்முனையில் தோல் டொக்டரைப் பார்க்கப் போனேன். நெற்றி நடுவில் பெருவிரல் அளவு கறுப்பு.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எதையும் படித்துப் பார்த்துத்தான் பயப்படுவேன். இரண்டு நாள் இணையத்தில் படித்ததில் எனக்கு ஏழு நோய்கள்!

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரென்று பார்த்தால், சாய்ந்தமருது ஹாஜியார்! அவருடைய மகளைத்தான் எனக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

ஸலாம் சொன்னேன். பதில் சொன்னவர் என் நெற்றியையே பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! சுஜூதுல நெத்தி நிலத்துல பட்டுப் பட்டு வந்த தொழுகைத் தழும்பு! இந்த வயசுல!"

"இல்ல ஹாஜியார், இது..."

"சும்மா இரிங்க மகன். பெருமை இல்லாத புள்ள எண்டு சொன்னாங்க. சரியாத்தான் இரிக்கு."

எதிரே இருந்தவர், "எங்கட வீட்டுலயும் ரெண்டு இரிக்கானுகளே!" என்று பெருமூச்சு விட்டார்.

"ஹாஜியார், உண்மையில..."

"இனி என்ன, விஷயம் முடிஞ்ச மாதிரித்தான்!" என்று தோளில் தட்டினார்.

யா அல்லாஹ்! வாயை மூடினால் கலியாணம். மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம்தான்.

நேர்ஸ் கதவைத் திறந்து சத்தம் போட்டார். "நெத்திக் கறுப்ப இல்லாமலாக்க வந்த ஆள் ஆரு?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.

"அத அழிக்கவா வந்த நீங்க?" ஹாஜியாரின் முகம் இறுகியது.

"அது தழும்பே இல்ல ஹாஜியார். நான் விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்புறதே கிழமைக்கு ரெண்டு நாள்."

யாரோ சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

அறைக்குள் டொக்டர் என்னிடம் ஹெல்மெட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். உள்ளே பஞ்சு பிய்ந்து, விளிம்பு சரியாகக் கறுப்பு மேலேயே உட்கார்ந்தது.

"தினமும் பைக்குல எவ்வளவு தூரம் ஓடுற?"

"அக்கரைப்பற்றுக்குப் போய் வாற."

"உரசி உரசித்தான் கறுத்திருக்கு. முதல்ல ஹெல்மெட்ட மாத்துங்க. வெயிலுக்கு இந்தக் கிறீம் பூசுங்க. தேசிக்காய்ப் புளி தேய்க்கிற வேலையெல்லாம் வேணாம். மெல்ல மெல்லத்தான் போகும்."

"அப்ப நெட்டுல பாத்த அந்த ஏழு நோய்?"

"ஒண்டுமில்ல. ஃபோன மூடி வைங்க!"

வெளியே வந்தால், ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொல்லிட்டீங்க. மகளத் தாறன். ஆனா ஒண்டு, சுபஹுக்கு நான்தான் ஃபோன்ல கோல் எடுத்து எழுப்புவன்."

அன்றிலிருந்து ஹாஜியார் மாமா ஒரு நாள் தவறாமல் எடுக்கிறார்.

நெற்றி வெளுத்து வருகிறது. இப்போது கண்ணுக்குக் கீழே கறுக்கிறது.