குட்டி யானையின் முன்சீட்டு

நாக்பூர்,
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சௌக்கத் அலி அவர்களுக்கு,

தங்கள் தங்கை மலிகாவின் வீட்டுக்காரன் மதார் சாகிப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வலது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் யாவும் சௌக்கியம். அங்கே தங்களுக்குச் சர்க்கரை இறங்கி, தார்ப்பாய்க் கடையில் வியாபாரம் ஏறி, எல்லாம் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? நீங்கள் ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசுவீர்கள். வண்ணாரப்பேட்டைக் கடையில் நீங்கள் பேசுவது ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடிவரை கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று தங்கை கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்வீர்கள். போன ரமலானில் நான் பல் டாக்டரிடம் போகாமல் ஏமாற்றிய கதை அப்படித்தான் சந்திக்கு வந்தது. ஆகவே கடை விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்ட். படித்ததும் கிழித்துப் போடவும்.

விஷயம் இதுதான், மச்சான். நான் வேனில் போகவில்லை. சைக்கிளில் போகிறேன்.

உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். ராயபுரத்திலிருந்து டில்லிக்கு ஏழு பேர் சைக்கிளில் போகிறார்கள், கூடவே சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வருகிறது, அதில் டிரைவரும் சமையல்காரருமான சாலமோன் பக்கத்தில் நான் உட்கார்ந்து கணக்கு வழக்கு பார்த்துக்கொள்வேன் என்றுதான் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து உங்கள் தங்கை என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். "வேன்ல குந்திகினு போறதா இருந்தா போங்க. சைக்கிள் மேல ஏறுனீங்கன்னு தெரிஞ்சுது, எந்த ஊரா இருந்தாலும் வந்து காதப் புடிச்சு இஸ்துகினு வருவேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். எண்ணூர் தாண்டுகிறவரை வேனில்தான் இருந்தேன், அது சத்தியம். அங்கே இறங்கி, சாக்கு சுற்றி மறைத்து வைத்திருந்த என் சைக்கிளை எடுத்தவன்தான். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் கேபினில் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போகிற பெட்டிகளைத் தூக்கித் தூக்கிக் கப்பலில் வைத்தவன் நான். பெட்டி போயிற்று, நான் போகவில்லை. இனியும் என்னை உட்காரச் சொன்னால் எப்படி மச்சான்?

இன்றோடு பதினைந்து நாள், ஆயிரத்து நூறு கிலோமீட்டர், பாதி வழி. எங்கள் கேப்டன் செல்லக்கனி அம்மாவை உங்களுக்குத் தெரியும், தண்டையார்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான். காலை நாலரைக்கு விசில். நான் தொழுதுவிட்டு வருவதற்குள் காற்று, பிரேக், செயின் மூன்றையும் சரிபார்த்து என் சைக்கிளையும் திருப்பி நிறுத்தி வைத்திருப்பார்கள். வழியில் ஒரு மாட்டையோ மலையையோ பார்த்து நின்றால் போதும், "பாய், அங்கன என்னத்தப் பாத்துட்டு நிக்கீய? டில்லி இங்கன இல்ல" என்று தூத்துக்குடிக் குரல் பின்னாலிருந்து வரும். ஆளுக்கு இரண்டு செட் துணிதான். முந்தின நாள் துவைத்ததை மறுநாள் ஹேண்டில்பாரில் காயப்போட்டுக்கொண்டே மிதிக்கிறோம். ஆந்திராவில் ஒரு ஊரில் எட்டுப் பேரின் பனியனும் லுங்கியும் பறக்க நுழைந்தபோது, ஏதோ கட்சி ஊர்வலம் என்று டீக்கடையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். செல்லக்கனி அம்மா கும்பிடு போட்டுக்கொண்டே போனார்கள்.

நெல்லூர் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரே தும்மல். மருந்துக் கடையில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். "நல்ல காத்து பாய், நம்மளுக்கு ஒத்துக்கல" என்றான் சாலமோன். மணலி எண்ணெய் ஆலையிலிருந்து கிளம்பிய டேங்கர் ஒன்று வந்தது, கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே போனோம், தும்மல் நின்றுவிட்டது. ஆதிலாபாத் லாட்ஜில் சாலமோன் நெத்திலிக் கருவாடு வறுக்கப்போக, மேனேஜர் எலி செத்துவிட்டது என்று அறை அறையாகத் தேடினார். கடைசியில் எங்கள் அறைக்கு வந்து, கண்டுபிடித்து, திட்டி, ருசி பார்த்து, இரண்டு துண்டு மடித்துக்கொண்டு போனார். இந்தச் சாலமோனுக்குக் கருவாடு எங்கிருந்துதான் தீராமல் வருகிறதோ தெரியவில்லை. மகாராஷ்டிரம் நுழைந்ததிலிருந்து காலை நாஷ்டா அவல், அவல், அவல்தான். இருந்தும் மச்சான், வெளிப்படையாகச் சொல்கிறேன், நான் சந்தோஷமாக இருக்கிறேன். தூக்க மாத்திரை போட்டு எட்டு நாளாகிறது.

சாயங்காலம் ஏழு மணிதான் கண்டம். அப்போதுதான் உங்கள் தங்கை வீடியோவில் வருவாள். முன்சீட்டில் இருக்கும் வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு நான் ஏறி உட்காருவேன். சாலமோன் இன்ஜினைப் போட்டு ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புவான். முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள், "இன்னாங்க, அந்த வேப்பமரம் பத்து நிமிஷமா உங்க கூடவே வருது?" என்றாள். டிராபிக் என்றேன். இன்னொரு நாள் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். "வேனுக்குள்ள இன்னாத்துக்குங்க அது?" சாலமோன் ஓட்டுகிற லட்சணம் அப்படி என்று சொல்லிவிட்டேன், அவன் இரண்டு நாள் எனக்குக் குழம்பில் மீன் போடவில்லை. கை முழுக்கக் கறுத்து, கையுறை போட்ட இடம் மட்டும் வெளுத்திருப்பதால் இப்போதெல்லாம் கையைக் காட்டாமல் தலையை மட்டும் ஆட்டிப் பேசுகிறேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. மணலியிலிருந்து கிளம்புகிற டேங்கர் டிரைவர்களிடம் ஏதாவது கொடுத்தனுப்பிக்கொண்டே இருக்கிறாள். விஜயவாடாவில் ஒரு பொட்டலம் வந்தது. வேனில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்குமே என்று கையால் தைத்த சின்னத் தலையணை. முன்னால் குறுகி, பின்னால் அகன்று, நாலு நாடா வேறு. வேன் சீட்டில் போட்டுப் பார்த்தால் கொஞ்சமும் பொருந்தவில்லை, அவள் வேன் சீட்டை எங்கே கண்டாள்! ஆனால் அல்லாஹ்வின் கருணையைப் பாருங்கள், என் சைக்கிள் சீட்டில் அச்சாகப் பொருந்திவிட்டது. ஹைதராபாத்தில் முழங்கால் உறை இரண்டு வந்தது, வேனில் ஏறி இறங்க உதவுமாம். இப்படிப்பட்டவளிடம்தான் நான் பொய் சொல்கிறேன். கிளம்புகிற அன்று, "கும்மிடிப்பூண்டிக்கு அந்தாண்ட நான் இன்னாத்தக் கண்டேன், நானும் வரட்டா?" என்று கேட்டாள். குட்டி யானையில் சீட்டே இரண்டு, ஒன்று டிரைவருக்கு, ஒன்று எனக்கு, உனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். மற்ற பொய்யெல்லாம் சிரிப்பாக வருகிறது. இது மட்டும் மேடு ஏறும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

இப்போது ஆபத்து என்னவென்றால், மாத்தூர் டேங்கர் டிரைவர் இசக்கிப்பாண்டி. நம் பக்கத்து டேங்கர் ஹாரன் கேட்டால் நான் சைக்கிளோடு புதருக்குள் இறங்கிவிடுவது வழக்கம். மூன்று நாளுக்கு முன்னால் ஆதிலாபாத்துக்கு அந்தப் பக்கம் புதரே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். லாரியை ஓரங்கட்டி இறங்கினான். "பாய்! சோக்கா ஓட்டறியே பாய்!" என்று கட்டிப்பிடித்தான். தலையணையை நாலு விரலால் அமுக்கிப் பார்த்தான், நாடாவை இழுத்துப் பார்த்தான், தானே தலையாட்டிக்கொண்டான். பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்தான். "அக்காக்கு இப்பவே அனுப்பிடாதப்பா" என்று கையைப் பிடித்தேன். "சேச்சே, போன்ல சின்னதா தெரியும் பாய். வூட்டாண்ட போயி நேர்ல காட்டறேன்" என்று சொல்லி ஏறிப் போய்விட்டான். நாக்பூரில் சரக்கு இறக்கிவிட்டுப் புதன்கிழமை மாத்தூர் வருகிறான். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை உங்கள் கைக்கு வரும். தாங்கள் எப்படியாவது அவனை வழியிலேயே மடக்கி, வயிறு நிறைய பிரியாணி வாங்கிக்கொடுத்து, அந்த வீடியோவை அழிக்க வைக்கவேண்டும். இல்லையென்றால் இங்கேயே என் பயணம் முடிந்தது. அறுபத்தொரு வயதில் இன்னொரு தடவை கிளம்ப விடுவாளா? பாதி டில்லி பார்த்தவன் என்று யாராவது சொல்லிக்கொள்ள முடியுமா மச்சான்?

உங்கள் வீட்டில் மச்சிக்கு ஸலாம். உங்கள் மகள் சாபிராவின் குழந்தைக்கு என் முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், தங்கையிடம் எதையும் உளறாத நாக்கையும் தருவானாக.

தங்களையே மலைபோல் நம்பியிருக்கும்,
மதார் சாகிப்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கையின் போன் வந்தது. ஏழு மணிகூட ஆகவில்லை. வெங்காய மூட்டையை இறக்க ஓடினேன்.

"மூட்ட அங்கியே கெடக்கட்டும். அண்ணனுக்கு லெட்டர் எழுதறீங்களாமே, சாலமோன் சொல்லிச்சு" என்றாள். பிடித்த மூட்டையை விட்டுவிட்டேன். "வேன் சீட்டு இன்னா முக்கோணமாவா கீது? பழைய சைக்கிள் சீட்டு ஒண்ணு வாங்கியாந்து, அதுமேல வச்சு வச்சு தெச்சேன். நெல்லூர்லயே எனக்குத் தெரியும். சாலமோனுக்குக் கருவாடு குடுத்தனுப்பறது யாருன்னு நெனச்சீங்க?"

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா பயந்துகினு வூடு திரும்பியிருப்பீங்க. டாக்டராண்ட கேட்டேன், படிதான் ஆவாது, சைக்கிளு மெதுவா ஓட்டலாம்னார். சரி, போவட்டும்னு வுட்டேன். கோவம் அதுக்கில்ல. எனக்கு எடமில்லன்னு சொன்னீங்களே, அதுக்கு. பதினஞ்சு நாளா வெங்காயம் குந்திகினு வருது. வெங்காயத்துக்குக் கீற எடம் எனக்கில்லியா?" குரல் கொஞ்சம் உடைந்தது, மச்சான். பிறகு தானே சரிசெய்துகொண்டாள். "திங்கக்கெழம ரயில்ல நாக்பூர் வரேன். டிக்கெட் அண்ணன்தான் எடுத்துச்சு. காதக் கழுவிகினு ஸ்டேஷனுக்கு வாங்க."

ஆக உங்களுக்கும் எல்லாம் தெரியும். மேலே எழுதியதில் ஸலாமையும் முத்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவும். இசக்கிப்பாண்டிக்குப் பிரியாணி மட்டும் என் பேரில் வாங்கிக்கொடுத்துவிடுங்கள். மூட்டையை இறக்கி, சீட்டைச் சாலமோன் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அகலமும் நீளமும் நூல் பிடித்து அளந்து எடுத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு ஒரு தலையணை வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறேன், சைக்கிளில்தான்.