நாலாம் நம்பர் போட்ட கோலும் கருப்பன் வாங்கிய கிடாவும்

வாடிப்பட்டி,
2001, ஆவணி, ஞாயிறு.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் வெள்ளைத்துரை அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் காசிமாயன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை முத்துத்தாய், செவலைப் பசு, கிணற்று மோட்டார் உட்பட எல்லாரும் கருப்பன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே உங்கள் சுகத்தையும் அக்கா, பிள்ளைகள் சுகத்தையும் அறிய ஆவல். கிடா மட்டும் சௌக்கியம் இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மருமகன் மருது இந்திய இளையோர் கால்பந்து அணியோடு வெளிநாடு போய், ஆசியப் போட்டி ஆடிவிட்டுச் சென்னையில் இறங்கியவன், பெற்ற தாயைப் பார்க்க வராமல் உங்கள் ஆவடி வீட்டில் முடங்கிக் கிடக்கிறான். போன் போட்டால், "ஊருக்கு வர மூஞ்சி இல்லப்பா. மாமா பட்டறையிலயே சேந்துக்கிறேன். இனிப் பந்தையே தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிடுகிறான். அடுத்த மாதம் அணிக்கு மறுபடியும் பயிற்சி முகாமாம். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு பையனைப் போட்டுவிடுவார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். அவன் எதற்கு வெட்கப்படுகிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே நடந்தது அவனுக்குத் தெரியாது. அதை அவனுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆட்டத்தன்று பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊரே கூடிவிட்டது. சமன் செய்தாலே அடுத்த சுற்று என்று பேப்பரில் போட்டிருந்தது. படமோ உப்பைத் தூவியது போல ஒரே புள்ளி, ஒருத்தன் மூஞ்சியும் தெரியவில்லை. ஆனால் நம் பயல் போகும்போதே "எனக்கு நாலாம் நம்பர் சட்டைப்பா" என்று சொல்லியிருந்தானா, முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டோம். நாலாம் நம்பர் ஓடினால் ஊர் ஓடியது, நாலாம் நம்பர் விழுந்தால் ஊர் "அய்யய்யோ" என்றது, அவன் தும்மியிருந்தால் நாங்கள் நூறு என்று சொல்லியிருப்போம். உங்கள் தங்கை சும்மா இருந்தாளா? முந்தானையில் முடிச்சைப் போட்டு, "அப்பனே கருப்பா, எம் மகன் ஒரே ஒரு கோல் போடட்டும், நம்ம வீட்டுக் கிடாய உனக்குத் தாரேன்" என்று ஊர் கேட்க வேண்டிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேண்டியிருக்கலாம். இடைவேளை விட்டார்கள், எல்லாரும் டீ குடிக்கப் போனோம், திரும்பி வந்து உட்கார்ந்தோம், நாலாம் நம்பர் காலில் பந்து பட்டது, விர்ரென்று வலைக்குள் போனது! வர்ணனையோ இந்தி, அதில் எங்களுக்குப் புரிந்த ஒரே சொல் "கோல்". அதை அவர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கரண்டு போய்விட்டது.

அப்புறம் கேட்கணுமா! வெடியென்ன, கொட்டென்ன, என்னைத் தோளில் தூக்கி மந்தையைச் சுற்றியதென்ன, நாலு வருஷமாகப் பேசாத என் பங்காளியே வந்து வாயில் சீனியைப் போட்டான். பூசாரி சிவனாண்டி வேறு, "கருப்பங்கிட்ட மட்டும் கடன் சொல்லாத காசிமாயா, பொழுது சாயுமுன்ன வெட்டிரு" என்று அரிவாளோடு வந்துவிட்டார். மஞ்சத்தண்ணி தெளித்ததும் கிடா சிலிர்த்துத் தலையை ஆட்டியது. ஆயிற்று. குழம்பு கொதிக்கிற நேரத்தில், மருதுவுக்கு ஆட்டம் பழக்கின ஹரிராம் சார் வில்லாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மூஞ்சி செத்துப்போய் இருந்தது.

"என்னங்க இது, எழவு வீடா இருக்கும்னு வந்தா கல்யாண வீடால்ல இருக்கு?"

"பெறகு? எம் மகன் கோல் போட்ருக்கான் சார்!"

"அய்யா, எங்க டி.வி.யிலயும் மூஞ்சி தெரியல, நம்பர்தான் தெரிஞ்சுது. இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு டீமும் பக்கம் மாறும். நாலாம் நம்பர் போட்டது நம்ம வலைக்குள்ளயே. அந்த ஒரு கோல்லதான் தோத்தோம்."

கொட்டு நின்றுவிட்டது. உங்கள் தங்கை கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மின்சாரத்தைத் திட்டினேன். அப்போது பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஏத்தா முத்துத்தாயி, வேண்டுனது எம்புட்டு? ஒரு கோலு. போட்டானா இல்லையா? எந்தப் பக்கம்னு நீயும் சொல்லல, கருப்பனும் கேக்கல. கெடா தலையாட்டுச்சு. சாமி ஒத்துக்கிட்டத நாம ஒத்துக்கிற மாட்டமா? எலையப் போடுங்கப்பா!" ஊரே சிரித்துவிட்டது மச்சான். ஹரிராம் சாரும் சிரித்தார். நாலு எலும்பைக் கடித்த பிறகு, "எழுபத்து நாலுல நம்ம பயலுக ஆசிய இளையோர் கப்பை ஈரானோட பங்கு போட்டு ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் கப்பு நம்ம பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. ஒரு கோலு தப்பாப் போச்சுன்னு ஒரு நல்ல ஆட்டக்காரன வீட்ல உக்கார வச்சிராதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே மச்சான், அவனிடம் சொல்லுங்கள்: ஊரில் ஒருத்தருக்கும் கோபம் இல்லை. எந்த வலையில் போட்டாலும் அவன் என் மகன். அவன் பங்கை உங்கள் தங்கை உப்புக்கண்டம் போட்டு, காக்காயை விரட்டிக்கொண்டு மொட்டைமாடியில் காவல் இருக்கிறாள். அவனோடு உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் அவன் அணி மணிப்பூர்ப் பையன் வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்று அக்கா சொன்னாராம். பாஷை தெரியாத சங்கடமாக இருக்கும், பாவம். அவனைச் சீக்கிரம் அவன் ஊருக்கு ரயிலேற்றிவிட்டு, மருதுவை மட்டும் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் குலம் தழைக்கவும், அக்காவின் முட்டிவலி தீரவும் கருப்பன் துணையிருப்பான். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
காசிமாயன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கடை போனுக்கு மருது கூப்பிட்டான். உங்கள் தங்கை எடுத்த எடுப்பில், "சேம் சைடு போட்டா என்னடா ராசா, கருப்பனே ஏத்துக்கிட்டான்" என்றாள். அவன், "யாரும்மா போட்டது? நான் களத்துலயே எறங்கலம்மா! கடைசி நேரத்துல எனக்குப் பதினாலாம் நம்பரக் குடுத்து ஓரத்துல உக்கார வச்சுட்டாங்க. ஊரே டி.வி. முன்னாடி உக்காந்திருந்துருக்குமேன்னுதாம்மா வெக்கம்" என்று அழுதுவிட்டான். நாலாம் நம்பர் யார் தெரியுமா? உங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த மணிப்பூர்ப் பையன்தான். உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனப் பெத்தவ அம்புட்டுத் தொலவுல இருக்கா. கெடா வெட்டுனது நாமதான? அப்ப அவனும் நம்ம பயதான்" என்று சொல்லிவிட்டாள். எனவே ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய்யவும். ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்பவும். எழுபத்து நாலில் கப்பைப் பங்கு போட்டது போல உப்புக்கண்டத்தைப் பாதி பாதி தின்றுவிட்டு, ரெண்டு பேரும் ஒன்றாகவே முகாமுக்குப் போகட்டும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஊரே கொட்டோடு நிற்கும். சட்டையில் நம்பர் எதுவும் இல்லாமல் அனுப்பினால் நல்லது.